தோர்ண்டன் ஹீத்துக்கு ஒரு தூது

இலண்டனுக்கு நான் ஊர் பார்க்கச் செல்லவில்லை, தூது சென்றேன். அனுப்பியவன் என் தங்கையின் மகன் சுதன். அழைத்துவரச் சொன்னது அவன் அன்னையை.

சுதன் இலண்டனில் வளர்ந்தவன். வேலை நிமித்தம் அமெரிக்கா வந்து, டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரின் புறத்தே வீடு வாங்கிக் குடியிருக்கிறான். யாழ்ப்பாணத்தில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற நானும் அதே ஊரில் என் மகள் வீட்டில் நெடுங்காலமாக வாழ்கிறேன். என் தங்கை யோகம் என்கிற யோகேஸ்வரியோ, கணவர் நாதன் மறைந்தபின் தெற்கு இலண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், தனியே இருக்கிறாள். சென்ற குளிர்காலத்தில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்த செய்தியைக் கட்டுப் பிரித்த பிறகுதான் மகனுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து சுதனுக்கு உறக்கமில்லை. தன் வீட்டின் கீழ்த்தளத்தில் அவளுக்கென ஓர் அறையும், வழுக்காத தரையுடன் ஒரு குளியலறையும் கட்டி முடித்தான். அறை ஆயத்தம், அதில் இருக்கவேண்டியவள்தான் வரவில்லை.

"மாமா, நான் கேட்டா அம்மா கதையை மாத்துறா. நீங்கள் சொன்னாத் தட்டமாட்டா," என்றான்.

அண்ணன் சொல்லைத் தங்கை தட்டமாட்டாள் என்று அவன் எங்கிருந்து அறிந்தானோ தெரியாது. எனக்கு அப்படியொரு பட்டறிவு இல்லை. எனினும் ஒப்புக்கொண்டேன்.

வந்து சேர்ந்த அன்று, இலையுதிர்காலத்து மாலை, மழை பெய்கிறதா இல்லையா என்று துணிந்து சொல்லவியலாத ஒரு தூறல். யோகம் கதவைத் திறந்தாள். முன்னிலும் மெலிந்திருந்தாள், குரல் மெலியவில்லை.

"பெட்டியை உதில வையுங்கோ அண்ணை. தேத்தண்ணி போடுறன். பிளேனில ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டியள்."

அவள் பேசி முடிக்குமுன்பே மின்கேத்தலில் நீர் கொதித்துவிட்டது. இந்நாட்டு மின்னழுத்தம் அமெரிக்காவினதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே நீர் விரைந்து கொதிக்கிறது. டாலஸில் என் பேத்தி கோப்பையில் நீரூற்றி மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து, அதனுள் ஒரு தேயிலைப் பையை மிதக்கவிட்டு, அதைத் தேநீர் என்று என்னிடம் தருவாள். அதை யோகத்திடம் சொன்னேன். ஏதோ இழவுச் செய்தி கேட்டவள்போல் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"அதைக் குடிச்சுக்கொண்டோ இவ்வளவு காலமும் இருந்தனீங்கள்?"

தூதின் தொடக்கமே சறுக்கிவிட்டதை உணர்ந்தேன்.

அவள் தன் அறையை எனக்கு ஒழித்துத் தந்து, தான் பின்புறச் சிற்றறைக்கு மாறியிருந்தாள். என் அறை மாடியில், தெருவைப் பார்த்தது. எதிரே இதுபோன்றே செங்கல் வீடுகள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நிரையாக. இடையில் உள்ள தெரு, டாலஸில் ஒரு வீட்டின் ஊர்திப்பாதை அளவே அகலம். மறுநாட் காலை அவள் தேநீருடன் வந்து, திரைச்சீலைகளை இருபுறமும் ஒதுக்கிவிட்டு, "எழும்புங்கோ" என்றாள். நாடோறும் இதுவே வழக்கமாயிற்று.

முதலிரு நாள்களும் என் வழக்குரைக்குச் சான்று திரட்டுவதில் கழிந்தன. சான்றுக்குப் பஞ்சமில்லை. கைகழுவும் தொட்டியில் இரண்டு குழாய்கள். ஒன்றில் தோலை வேகவைக்கும் வெந்நீர், மற்றதில் எலும்பை நடுக்கும் தண்ணீர். இரண்டும் கலந்த இளஞ்சூட்டு நீர் வேண்டுவோன் தன் கைகளை விரைந்து மாற்றி மாற்றிக் காட்டிக் கலந்துகொள்ளவேண்டும். சலவை இயந்திரம் சமையலறையில், அடுப்பின் அருகே நின்று அதிர்கிறது. உலர்த்தி இல்லை. துணிகள் கொல்லைப்புறக் கொடியில் தொங்குகின்றன; தூறல் விழுந்ததும் யோகம் ஓடிச்சென்று அள்ளிவருகிறாள்; தூறல் நின்றதும் திரும்பக் கொண்டுபோய்ப் போடுகிறாள். ஒரு முற்பகலில் இவ்வாறு நான்கைந்து முறை.

"சுதன் வீட்டில் உலர்த்தி இருக்கிறது. போட்டால் ஒரு மணி நேரத்தில் மடித்து வைக்கலாம்," என்றேன்.

"வெயில் கொளுத்துற ஊரில மிசினில காய விடுறதோ? கொடி கட்ட இடமில்லையோ அவனுக்கு?"

இடமுண்டு, விடமாட்டார்கள். எங்கள் குடியிருப்பில் வெளியே துணி காயப்போடுவது குடியிருப்போர் சங்கத்தின் விதிக்கு மாறானது. தெருவின் அழகு கெடுமாம். இதை நான் சொல்லாமல் விட்டேன். வழக்குரைஞன் எதிர்த்தரப்புக்குச் சான்று கொடுப்பதில்லை.

மூன்றாம் நாள் லூயிஷாம் கோவிலுக்குப் புறப்பட்டோம். நவராத்திரிக் காலம். பேருந்துத் தரிப்பிடத்தில் அவள் ஒரு கடைக்குள் நுழைந்து வெற்றிலை வாங்கிவருவதாகவும், பேருந்து வந்தால் நிறுத்துமாறும் கூறிச்சென்றாள். பேருந்து வந்தது. நான் அதை நோக்கிப் புன்னகைத்தவாறு நின்றேன். அது என்னைக் கடந்து போயிற்று.

"கையைக் காட்டினனீங்களோ?" என்றாள் யோகம், வெற்றிலையுடன்.

"தரிப்பிடத்தில் நிற்கிறேன். வேறு எதற்கு நிற்பேன் என்று அவன் எண்ணினான்?"

"கையைக் காட்டாட்டில் அவன் தன்ர பாட்டில போவான். சும்மா மழைக்கு ஒதுங்கி நிக்கிறியள் எண்டு நினைச்சிருப்பான். கேக்காத ஆளை இஞ்ச ஒருத்தரும் ஏத்தமாட்டினம் அண்ணை."

அடுத்த பேருந்துக்கு இருவரும் கை நீட்டினோம். அவள் தன் முதியோர் பயண அட்டையைப் பொறியில் தொட்டுவிட்டு ஏறினாள். இந்நகரில் மூத்தோர்க்குப் பேருந்து இலவசம். அந்த அட்டை அவள் கைப்பையில் இருப்பதில்லை. கழுத்தில் ஒரு நாடாவில், சேலைக்கு உட்புறமாகத் தொங்குகிறது. வேண்டும்போது வெளியே எடுத்துத் தொட்டுவிட்டு மீளவும் உள்ளே விடுகிறாள்.

தொடர்வண்டி நிலையத்தில் வேறொரு செய்தி காத்திருந்தது. தண்டவாளத்தில் பழுதுபார்ப்பு, வண்டிக்கு மாற்றாகப் பேருந்து விடப்பட்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் நிமிடத்துக்கொரு முறை வருத்தம் தெரிவித்துக்கொண்டே இருந்தது. மக்கள் அவ்வருத்தத்தை ஏற்றுக்கொண்டவர்களாய், ஒருவரை ஒருவர் பாராமல், வரிசையாகச் சென்று ஏறினர்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு மாது. மடியில் பெரிய கேக்குப் பெட்டி. டெக்சாஸில் பழகிய நாவு எனக்கு; அங்கே கடையில் காசு செலுத்தும் இடத்தில் நிற்பவர்கூட நம் முழங்கால் வலியைக் கேட்டறிவார். ஆகவே, "யாருக்குப் பிறந்தநாள்?" என்றேன்.

அவர் பெட்டியைச் சற்று இறுகப் பிடித்துக்கொண்டார். "ஒருவருக்கு," என்றார் பணிவுடன், சாளரத்துக்கு வெளியே நோக்கியபடி.

முன்னிருக்கையிலிருந்து யோகம் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் முன்பு ஒருமுறை எங்கள் தாயிடம் கண்டிருக்கிறேன்.

பின்னர் ஓட்டுநர் வழி தவறிவிட்டார். ஒரு குறுந்தெருவில் நுழைந்து, முன்னேயும் போகவியலாமல் பின்னேயும் வரவியலாமல் வண்டி நின்றுபோயிற்று. அதுவரை கற்சிலைகள்போல் இருந்தோர் அனைவரும் அந்நொடியில் உயிர்பெற்றனர். ஒருவர் எழுந்துபோய் ஓட்டுநருக்கு வழி சொன்னார். இன்னொருவர் அவ்வழி பிழை என்றார். பின்னிருக்கையில் யாரோ, "நான் பிறந்த தெரு இது. இவ்வளவு மெதுவாக இதை ஒருபோதும் பார்த்ததில்லை," என்று சொல்ல, வண்டி முழுதும் சிரித்தது. கேக்கு மாதும் சிரித்து, என் பக்கம் திரும்பினார்.

"என் முன்னாள் கணவருக்கு. அறுபதாவது பிறந்தநாள். அவருடைய இப்போதைய மனைவிக்குக் கேக்குச் செய்யத் தெரியாது."

இடர் வந்தால் இம்மக்கள் உறவினராகிவிடுகின்றனர். இடர் நீங்கினால் உறவும் நீங்குகிறது. வண்டி பெருந்தெருவை அடைந்ததும் ஒருவர் பின் ஒருவராக மௌனத்துக்குத் திரும்பினர். கேக்கு மாது இறங்குகையில் என்னை நோக்கித் தலையசைக்கவுமில்லை.

கோவிலில் யோகத்துக்கு என்னினும் பெரிய மதிப்பு இருந்தது. மடப்பள்ளிப் பக்கம் போனதும் மூன்று பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டனர். வெள்ளிக்கிழமை அவல் பிரசாதம் அவள் பொறுப்பு என்பதும், சென்ற ஆண்டு வேறொருவர் செய்து சருக்கரை கூடிப்போனது என்பதும் அங்கே தெரிந்தன. நானோ, "அமெரிக்காவில இருந்து வந்திருக்கிற அண்ணை" என்ற அளவில் ஒரு தூணருகே நிறுத்தப்பட்டேன்.

அன்று மாலை புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் உண்டபின், தூதை வெளிப்படையாக எடுத்துரைத்தேன். அறை, குளியலறை, பேரப்பிள்ளைகள், வெயில் அனைத்தையும் கூறினேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அங்க நான் கோயிலுக்குப் போறதெண்டால்?"

"சுதன் அழைத்துச் செல்வான்."

"கடைக்கு?"

"அவனோ மருமகளோ ஊர்தியில்."

"அப்ப அவை வேலைக்குப் போயிருக்கேக்க எனக்கு ஒரு பச்சைமிளகாய் வேணுமெண்டால்?"

அதற்கு விடை உண்டு. ஆயினும் அது நல்ல விடையன்று. எங்கள் ஊரில் பேருந்து இல்லை. நடைபாதை வீட்டு வாயிலில் தொடங்கி மூலையில் முடிந்துவிடுகிறது. நானே பல ஆண்டுகளாக, மகள் வேலையிலிருந்து மீளும்வரை, என் பச்சைமிளகாய்க்குக் காத்திருப்பவன். விடையைத் தவிர்த்து, என் கைவசம் இருந்த வலுவான வாதத்தை எடுத்தேன்.

"இங்கே உனக்கு ஒன்று நேர்ந்தால் யார் இருக்கிறார்கள்? அயலவர் எவரையும் நான் இவ்வீட்டில் காணவில்லை. எதிர்வீட்டுக் கிழவியின் பெயராவது உனக்குத் தெரியுமா?"

"மிசிஸ் பெல்."

"முதற்பெயர்?"

"ஆரறிவார். அவவுக்கு நான் மிசிஸ் நாதன். எனக்கு அவ மிசிஸ் பெல்."

"எத்தனை காலமாக?"

"சுதன் பால்போத்தல் குடிக்கிற காலத்தில இருந்து."

"ஒருநாளாவது இவ்வீட்டுக்குள் வந்திருக்கிறாரா?"

அவள் சற்றே எண்ணிப் பார்த்தாள். "இல்லை. நானும் அங்க போகேல்ல."

நான் வென்றுவிட்டதாக எண்ணினேன். டாலஸில் நாங்கள் குடிபுகுந்த அன்றே பக்கத்து வீட்டார் இனிப்பு ரொட்டியுடன் வந்ததையும், தம் முதற்பெயரால் அழைக்கும்படி வற்புறுத்தியதையும், என் இதய அறுவையைப் பற்றி என் மருத்துவரினும் கூடுதலாகக் கேட்டதையும் எடுத்துரைத்தேன். அக்குடும்பம் அடுத்த ஆண்டே வேறு மாநிலத்துக்குப் பெயர்ந்ததையும், இப்போது அவ்வீட்டில் இருப்போர் யார் என்று எனக்குத் தெரியாததையும் கூறவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள் யோகம். அவள் அவ்வளவுதூரம் இறங்கிவந்தது அதுவே முதன்முறை.

வியாழக்கிழமை, அருகே மிச்சம் (Mitcham) என்னும் ஊரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் குடும்பத்துக்கென நான் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த துணிமணிகள் ஒரு சக்கரப்பெட்டி நிறைய இருந்தன. முற்பகலில் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். யோகம் வாயிலில் நின்று கையசைத்தாள். எதிர்வீட்டில் மிசிஸ் பெல் முன்தோட்டத்துப் புதரை வெட்டிக்கொண்டிருந்தார். உரக்க வணக்கம் சொன்னேன். அவர் கத்தரிக்கோலை அரையங்குலம் உயர்த்தினார். அதுதான் விடை என்று ஊகித்தேன்.

மாணவர் வீட்டில் ஆட்டிறைச்சிப் பட்டிசும், ரோல்சும், அதன்மேல் இடியப்பமும் தந்து என்னைச் செயலிழக்கச் செய்தனர். திரும்பும்போது டிராம் வண்டியில், மேடையில் என் பயண அட்டையைப் பொறியில் தொடாமல் ஏறிவிட்டேன். உள்ளே பொறி இருக்கும் என்று தேடித் தேடிப் பெட்டி முழுதும் நடந்தேன். ஒவ்வொருவரும் கால்களை மடக்கி வழிவிட்டனரே அன்றி, என்ன தேடுகிறீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் நானே இறங்கி, மேடையில் அதைக் கண்டு தொட்டு, அடுத்த வண்டியில் ஏறினேன். வீடு சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பெட்டியை மாணவர் வீட்டிலேயே விட்டுவந்திருந்தேன்.

மறுநாள் வெள்ளி. யோகம் பொழுது புலருமுன்பே கோவிற் பெண்ணொருத்தியின் ஊர்தியில் பிரசாதம் செய்யப் புறப்பட்டுவிட்டாள். எனக்கெனப் பிளாஸ்கில் தேநீர் வைத்திருந்தாள். நான் விழித்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, படுக்கையில் இருந்தபடியே ஒரு நூலில் ஆழ்ந்தேன். திரைச்சீலையை ஒதுக்கவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. டாலஸில் வெயிலுக்கஞ்சி எங்கள் வீட்டின் முன்புறச் சாளரங்கள் மூடியே கிடக்கும். பகலில் விளக்கு எரிப்பது எமக்கு இயல்பு.

கதவுமணி அடித்தது. நான் எழவில்லை. அமெரிக்காவில், முன்னறிவிப்பின்றி மணியடிப்பவர் கூரை பழுதுபார்க்க வந்தவராகவோ மதம் மாற்ற வந்தவராகவோ இருப்பார், அடங்கியிருந்தால் போய்விடுவார். மீளவும் மணி. அடங்கியிருந்தேன். பிறகு கதவைக் கையால் தட்டும் ஓசை. அதன்பின், வீட்டுக்குள்ளேயே, ஒரு பெண்குரல்:

"மிசிஸ் நாதன்? மிசிஸ் நாதன், நான் பேசுவது கேட்கிறதா?"

திடுக்குற்று எழுந்து படிக்கட்டின் தலைப்பில் நின்று பார்த்தேன். முன்கதவின் நடுவே கடிதம் போடுவதற்கான துளை. அதன் மூடியை நான்கு விரல்கள் உட்புறமாகத் தள்ளிப் பிடித்திருந்தன. குரல் அதன்வழி வந்துகொண்டிருந்தது.

"நீங்கள் கீழே விழுந்து கிடந்தால் எழ முயலவேண்டாம். ஏதாவது ஒன்றைத் தட்டுங்கள். நான் ஆம்புலன்சை அழைக்கிறேன்."

"அம்மையே, நான் அவள் தமையன்," என்றேன், இடுப்பில் கட்டிய சாரத்தைச் சரிசெய்தவாறே படிகளில் இறங்கி.

விரல்கள் அசையவில்லை. "தமையன் நேற்றுப் பெட்டியுடன் புறப்பட்டுப் போய்விட்டார். நானே பார்த்தேன்."

பூட்டிய கதவின் இருபுறமும் நின்று, அத்துளையின் வழியாக, நான் யார் என்பதை மெய்ப்பிக்கவேண்டியதாயிற்று. பெட்டியின் வரலாறு முழுவதையும் கூறினேன். கதவைத் திறந்தபோது அவர் இன்னும் குனிந்தே நின்றிருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மற்றதில் தொலைபேசி. இரவு உடைமீது மழைக்கோட்டு. காலில் வீட்டுச் செருப்பு, தெரு ஈரத்தில் ஊறியிருந்தது. எண்பது வயதுக்கும் மேலிருக்கும். முகம் வெளிறியிருந்தது.

"அவள் நலம். விடியுமுன் கோவிலுக்குப் போய்விட்டாள்," என்றேன். "உள்ளே வாருங்கள். தேநீர் தருகிறேன்."

அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் அச்சம் போய்விட்டது. அதனிடத்தில் பெரும் நாணம் வந்து அமர்ந்தது.

"இல்லை, இல்லை. தொந்தரவு கொடுத்துவிட்டேன். மிகவும் வருந்துகிறேன்." பிறகு, அதைவிடச் சிறிய குரலில், "திரை, பாருங்கள். திரை விலகவில்லை," என்றார்.

கோலை ஊன்றித் தெருவைக் கடந்து போனார். அவர் கதவு சாத்தப்படும் வரையில் நான் சாரத்துடன் வாயிலிலேயே நின்றேன்.

நண்பகலில் யோகம் திரும்பினாள். நடந்ததைக் கூறினேன். கொண்டுவந்த பிரசாதக் கிண்ணத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கதிரையில் அமர்ந்துவிட்டாள்.

"ஐயோ. நேற்றே சொல்லாமல் விட்டிட்டன். நீங்கள் திறந்துவிடுவியள் எண்டு நினைச்சன்."

"என்ன ஏற்பாடு இது? யார் பேசிவைத்தது?"

"ஒருத்தரும் கதைக்கேல்ல. இவர் செத்த வருசம் எனக்குக் கடும் காய்ச்சல். எழும்ப ஏலேல்ல. திரை பூட்டினபடி கிடந்தது. மத்தியானம் மணி அடிச்சது. தட்டுத்தடுமாறி இறங்கிப் பாத்தா ஒருத்தரும் இல்லை. படியில ஒரு சட்டியில சூப். சட்டியைக் கழுவி அவவின்ர படியில கொண்டுபோய் வைச்சன். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு தெரியும், அவ பாக்கிறா எண்டு."

"கை முறிந்தபோது?"

"அண்டைக்கும் அவதான். குளியலறையில கிடந்தன். இதே மாதிரிக் கதவு ஓட்டையால கூப்பிட்டா. ஆம்புலன்சைக் கூப்பிட்டு, அது வந்து என்னை ஏத்துமட்டும் தெருவில நிண்டா. உள்ள வரேல்ல."

சுதனிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால், விழுந்தபின் நெடுநேரம் கிடந்த கதையும் சேர்ந்து வெளிவரும்.

"அப்படியானால் உன்னைப் பார்க்க ஓர் ஆள் உண்டு என்று அன்றே என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் அவ்வளவு வாதாடினேன்."

யோகம் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"என்னை அவ பாக்கிறது கிடக்கட்டும் அண்ணை. அவவுக்கு ஒரு மகன், நியூசிலாந்தில. கால் ஒப்பரேசனுக்குப் பிறகு கீழ் அறையிலதான் படுக்கிறா. காலமை எழும்பினதும் நான் முதல் பாக்கிறது அவவின்ர யன்னலைத்தான். திரை திறந்திருந்தாத்தான் என்ர தேத்தண்ணி இறங்கும். நான் உங்கட அமெரிக்காவில வந்து இருந்தா, அந்த மனுசியை ஆர் பாக்கிறது?"

என் நெடிய வழக்குரையில் அவளைப் பார்ப்போர் யார் என்று கேட்டேனே ஒழிய, அவள் யாரைப் பார்க்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

எழுந்து மேற்சட்டையைத் தேடினேன்.

"எங்க வெளிக்கிடுறியள்?"

"மூலைக்கடையில் ஒரு கேக்கு வாங்கி, அவரிடம் போய் முறையாக நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். உன் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, அவர் எண்ணையும் பெற்றுவந்தால்—"

"விசர் வேலை பாக்காதேங்கோ. இருங்கோ."

இருந்தேன்.

"நன்றி எண்டு வாயால சொன்னா, தான் பாக்கிறது எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு எண்டு அவவுக்கு ஆகிவிடும். பேந்து வெக்கத்தில பாக்கமாட்டா. நம்பரை வாங்கினா அது அவவுக்குக் கடமையாப் போயிடும். இண்டைக்கே என்ன நினைச்சுக்கொண்டு இருக்கிறாவோ. ஆம்பிளையை இரவு உடுப்போட கண்டிட்டா."

"நான் அல்லவோ இரவு உடையில் நின்றேன்."

"ரெண்டுபேரும் நிண்டியள்."

அன்று முழுவதும் யோகம் அமைதியின்றி இருந்தாள். எதிர்வீட்டு விளக்கு மாலையில் வழக்கத்தினும் முன்னதாகவே அணைந்துவிட்டது என்றாள். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. என் அமெரிக்கப் பழக்கம் ஒன்று, எத்தனையோ ஆண்டுகள் சொல்லின்றி நடந்துவந்த ஓர் ஏற்பாட்டைச் சிதைத்துவிட்டதோ என்ற கவலை என்னையும் பற்றிக்கொண்டது. யாழ்ப்பாணத்தானாகவே வாழ்ந்துவருகிறேன் என்று நம்பியிருந்தவனுக்கு, அத்தனை ஆண்டுக்கால டெக்சாஸ் எப்போது உள்ளே குடியேறியது என்பதும் விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் தேநீரின்றியே என் அறைக்குள் வந்தாள். திரைச்சீலைகளை, வளையங்கள் கம்பியில் ஓசையெழுப்ப, ஒரே இழுப்பில் ஒதுக்கினாள். பின் சுவரோரமாக ஒதுங்கி நின்று, என்னையும் அசையாமல் இருக்கும்படி கையால் காட்டினாள்.

எதிரே மிசிஸ் பெல்லின் திரை மூடியிருந்தது. நாங்கள் காத்திருந்தோம். குப்பை வண்டி வந்துபோயிற்று. ஓர் இளைஞன் நாயுடன் போனான். யோகத்தின் உதடுகள் ஏதோ பாட்டை முணுமுணுத்தன, திருமுறையாக இருக்கலாம்.

பிறகு எதிர்வீட்டின் கீழ்ச் சாளரத்தில் திரை பாதி விலகிற்று. சற்று நின்று, மீதிப் பாதியும் விலகிற்று. முன்கதவு திறந்தது. மிசிஸ் பெல், முழு உடையில், கழுத்துக்குட்டையும் கட்டி, குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வெளியே வந்தார். தொட்டியில் கை வைத்தவர் எங்கள் மாடிச் சாளரத்தை ஒரு நொடி நிமிர்ந்து நோக்கினார். அந்நோக்கு அங்கே தங்காமல், மேலும் உயர்ந்து, வானத்தை ஆராய்ந்தது.

யோகம் சாளரத்தைத் திறந்து தலையை நீட்டினாள்.

"இன்று மழை வராது போலிருக்கிறது, மிசிஸ் பெல்," என்றாள் ஆங்கிலத்தில்.

"பிற்பகலில் வரக்கூடும், மிசிஸ் நாதன்."

"துணி காயப் போடலாமா?"

"நான் என்றால் போடுவேன்."

அவ்வளவே. யோகம் சாளரத்தைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்ததை மறைக்க, "இண்டைக்குத் தோசை" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

அன்று மாலை, குரல் வெளியே கேட்கும்படி வைத்து, சுதனைத் தொலைபேசியில் அழைத்தேன். யோகம் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லாமல் மறைத்ததையும் சேர்த்து அனைத்தையும் கூறினேன். அதற்கு மட்டும் அவளிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருந்தேன்.

"மிசிஸ் பெல்லோ?" என்றான். "சின்னனில அவவின்ர பூமரத்துக்க விழுந்த பந்து ஒண்டும் திரும்பி வந்ததில்லையே."

"வந்தது," என்றாள் யோகம், வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல். "நீ பள்ளிக்கூடம் போனாப்பிறகு எங்கட கேற்றுக்குள்ள உருட்டி விடுவா. நான் வாங்கித் தந்த பந்து எண்டு நீ நினைச்சாய்."

சுதன் வேறு வழிகளை அடுக்கினான். கழுத்தில் அணியும் ஓர் எச்சரிக்கைப் பொத்தான். வீட்டுக்குள் ஒரு கமரா. அவன் அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பொத்தானை யோகம் ஏற்றுக்கொண்டாள். பயண அட்டையோடு அதுவும் கிடக்கட்டும் என்றாள். கமரா என்றதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னைப் பாக்கவேணுமெண்டால் வந்து பாக்கட்டும். அறை கட்டின காசில எத்தினை தரம் வந்துபோயிருக்கலாம் எண்டு கேளுங்கோ."

கேட்க வேண்டியிருக்கவில்லை, தொலைபேசியில் அவனுக்கே கேட்டுவிட்டது.

"அப்ப மாமா, நீங்கள் தனியத்தான் வாறியளோ?" என்றான். அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது. ஆயினும் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை.

"ஓம், தனியத்தான் வாறன்," என்றேன். அவனிடம் இலக்கணத் தமிழில் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"சரி. நத்தார் லீவுக்கு, டிசம்பரில, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு நான் அங்க வாறன். ரெண்டு கிழமை நிக்கிறன். வரேக்க மிசிஸ் பெல்லுக்கு ஏதும் நல்லதா வாங்கி வந்து, நேரில போய்க் குடுத்து, கையைப் பிடிச்சு நன்றி சொல்லவேணும்."

யோகத்தின் முகம் மலர்ந்ததை முழுதாகப் பார்த்து முடிக்குமுன்பே அது மாறிவிட்டது. வெங்காயக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்து, என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கினாள்.

"வா ராசா, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா," என்றாள். "ஆனா அந்த மனுசியின்ர கதவைத் தட்டினியோ, உன்னை அடுத்த பிளேனிலயே ஏத்திவிடுவன்."